நடப்பதற்கு ஒரு கிலோமீற்றர் வெளிச்சம்: வன்னிப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் வடக்கே, வன்னிப் பெருநிலப்பரப்பின் பிரதேச சபைகளில் பொறுப்பேற்றிருக்கும் மதிப்பிற்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நாற்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடையில், வேலையும் பிள்ளைகளின் படிப்பும் வயோதிபப் பெற்றோரின் பராமரிப்பும் ஒரே நேரத்தில் தோளில் இருக்கும் எங்கள் தலைமுறையினரின் உடல்நலம் பற்றி இம்மடலை எழுதுகிறேன். உங்களிடம் நான் கேட்பது பெரிய தொகையோ புதிய திட்டமோ அன்று. ஒவ்வொரு வட்டாரத்திலும், விடியுமுன்னும் இருட்டிய பின்னும் ஒரு பெண் தனியாக அச்சமின்றி நடக்கக்கூடிய ஒரு கிலோமீற்றர் வீதியை எங்களுக்கு ஒழுங்கு செய்து தாருங்கள். பூட்டிக் கிடக்கும் மைதானங்களையும் மண்டபங்களையும் குறித்த சில மணித்தியாலங்களுக்குத் திறந்து விடுங்கள். இவ்விரண்டையும் உங்கள் சபைகள் ஏன் செய்ய வேண்டும் என்பதையும், செய்யக்கூடிய நிலையில் ஏன் நீங்களே இருக்கிறீர்கள் என்பதையும் விளக்க முயல்கிறேன்.

எங்கள் பகுதி வைத்தியசாலைகளில் கிளினிக் நடக்கும் நாளொன்றில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். விடியவே வந்து இலக்கம் எடுத்து, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் காத்திருப்பவர்கள் எல்லோரும் முதியவர்கள் அல்லர், நாற்பதுகளில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். சீனி, பிரசர், கொலஸ்ட்ரோல் என்று மூன்றுக்கும் சேர்த்து மருந்து வாங்குபவர்கள் அவர்களுள் பலர். வைத்தியர் மருந்தை எழுதிவிட்டு, "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ" என்கிறார். ஒரு நாள் எனக்கு முன்னால் இருந்த அம்மா ஒருவர், "எங்கை டொக்டர் நடக்கிறது?" என்று திருப்பிக் கேட்டார். வைத்தியரிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை, இருக்கவும் முடியாது. அந்தக் கேள்வி வைத்தியசாலைக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது என்பதாலேயே அதை இங்கே கொண்டு வந்திருக்கிறேன்.

எவ்வளவு உடற்பயிற்சி வேண்டும் என்பதில் பெரிய குழப்பம் எதுவும் இல்லை. வளர்ந்தவர் ஒருவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பிலோ, 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான உடலுழைப்பிலோ ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கும் வேக நடையே மிதமான உழைப்பு. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்று 2010ஆம் ஆண்டு வழிகாட்டலில் இருந்த நிபந்தனை 2020இல் நீக்கப்பட்டுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதும் பலன் தரும், குறைவாகச் செய்வதும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல் என்பதே இப்போதைய நிலைப்பாடு. எங்களைப் போல் நேரம் துண்டு துண்டாகக் கிடைப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் நடந்தாலே, இயங்கும் தசை இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலிலும் இது நடக்கிறது. இந்தப் பதினைந்து நிமிடத்துக்கு மருந்துக்கடையோ பயிற்சியாளரோ தேவையில்லை. கால் வைக்க ஓர் இடம் மட்டும் தேவை.

அந்த இடம் ஏன் இல்லை என்பதற்கு எங்கள் புவியியலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. நாம் பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பது பாகையில் வாழ்கிறோம். வருடம் முழுவதும் பகலின் நீளம் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஒட்டியே நிற்கிறது. சூரியன் எந்த மாதமும் காலை ஆறு மணியை அண்டியே உதித்து, மாலை ஆறு மணியை அண்டியே மறைகிறது. குளிர்நாடுகளில் இருக்கும் எங்கள் உறவினர் கோடையில் இரவு எட்டு மணிக்கும் வெயிலில் நடப்பதாகத் தொலைபேசியில் சொல்கிறார்கள். எங்களுக்கு அப்படி ஒரு மாதமும் வாய்ப்பதில்லை. பாடசாலை ஏழரைக்கு, அலுவலகம் எட்டரைக்கு, ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளையை ஏற்றும் பஸ் அதற்கும் முன்னர். இவற்றுக்குச் சமைத்து, கட்டிக் கொடுத்து, தானும் வெளிக்கிட வேண்டிய ஒரு தாய்க்கு மிஞ்சும் நேரம் காலை ஐந்தரைக்கு முன்னர், அல்லது மாலை ஆறரைக்குப் பின்னர். இரண்டும் இருட்டு. வெளிச்சமுள்ள நேரத்தில் அவளுக்கு வேலை இருக்கிறது. வேலை இல்லாத நேரத்தில் வெளிச்சம் இல்லை. இதைச் சோம்பல் என்றோ மனவுறுதி இல்லாமை என்றோ சொல்வது பெரும் அநியாயம்.

வயல் வேலை செய்யும் மக்களுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று சபைகளிலேயே சிலர் கேட்பதுண்டு. முப்பது வருடத்துக்கு முந்திய வன்னிக்கு அந்தக் கேள்வி பொருந்தியிருக்கலாம். போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எரிபொருள் இன்றி, விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளிலேயே போனதை நாங்கள் மறக்கவில்லை. அந்தத் துன்பம் திரும்பி வர வேண்டும் என்று எவரும் விரும்பவும் மாட்டோம். ஆனால் இன்று உழுவது உழவு இயந்திரம், வெட்டி அடிப்பது அறுவடை இயந்திரம், மருந்தடிப்பதும் மோட்டார் பொருத்திய தெளிகருவி. காலபோகத்தில் சில கிழமைகள் முதுகு முறிய உழைத்துவிட்டு, மற்றைய மாதங்களில் கடைக்குப் போவதற்கும் மோட்டார் சைக்கிளை உதைக்கும் வாழ்க்கைதான் எங்களுடையது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் பழைய சைக்கிள்கள் மறுபடியும் வீதிக்கு வந்தன. கியூஆர் பங்கீட்டு முறையில் எரிபொருள் கிடைக்கத் தொடங்கியதும் அவற்றிற் பல கொட்டிலுக்குத் திரும்பிவிட்டன. பெண்களின் வீட்டு வேலையும் இப்படித்தான்: நாள் முழுவதும் ஓயாத வேலை, ஆனால் இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும் வேலை அதில் மிகக் குறைவு. களைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு.

தசை பற்றிய செய்தி எங்கள் ஊர்களில் இன்னமும் போய்ச் சேரவில்லை. முப்பது வயதுக்குப் பின்னர் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைந்துகொண்டு போகிறது. அறுபதைத் தாண்டியதும் அது இன்னும் விரைவாகிறது. கிணற்றுக்கட்டில் இருந்து எழும்பக் கை ஊன்ற வேண்டியிருப்பதும், பஸ்ஸின் முதற் படியில் கால் வைக்கத் தடுமாறுவதும் வயதின் குற்றம் மட்டும் அல்ல; தசையைப் பயன்படுத்தாமல் விட்டதன் விளைவும் கூட. கதிரையில் இருந்து கைகளை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, படியில் குதிக்காலை உயர்த்தி இறக்குவது ஆகியவற்றை வாரத்தில் இரண்டு நாள் செய்யத் தொடங்கினாலே மாற்றம் தெரியும். இவற்றைச் சரியாகக் காட்டித் தர ஆளும், நாலு பேர் சேர்ந்து செய்ய ஒரு மண்டபமும் வேண்டும்.

இப்போது இருட்டைப் பற்றிச் சொல்கிறேன். உள்வீதிகளில் அதிகாலையில் நடப்பவர்களுக்கு முதல் எதிரி கட்டாக்காலி நாய்கள். அடுத்தது, மழை விட்ட இரவுகளில் கிரவல் வீதியின் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும் புடையன் பாம்பு. காட்டோரக் கிராமங்களில் யானை. இவற்றோடு, விளக்கில்லாமல் வேகமாக வரும் மோட்டார் சைக்கிள்களும், மதவடியில் குந்தியிருந்து பெண்களைப் பார்த்துக் கதை சொல்லும் ஆண்களும். என் அயலில் ஒரு சகோதரி, வீட்டுக் காணிக்குள்ளேயே வேலியோரமாகக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றி நடக்கிறார். ஒரு கையில் தொலைபேசி, மற்றக் கையில் தடி. தென்னைப் பாத்திகளுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் இடையில் ஒற்றையடியாகத் தேய்ந்து போன அந்தத் தடத்தைப் பார்க்கும்போதெல்லாம், மனவுறுதியில் எங்கள் பெண்களுக்குக் குறைவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகிய மூன்றையும் உங்கள் கையிலேயே தந்திருக்கிறது. நான் கேட்பது இம்மூன்றும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. ஏ9 வீதி உங்களுடையது அல்ல என்பதையும், பெரிய குளங்களின் கட்டுகள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில், சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பதையும் அறிவேன். குளக்கட்டில் நடைபாதை என்பது பார்க்க அழகான யோசனைதான். ஆனால் அது ஆளரவம் இல்லாத இடம், விளக்கு இல்லை, முதலையும் யானையும் வரும் பகுதிகளும் உண்டு. எனவே உங்கள் சொந்த வீதி ஒன்றிலேயே தொடங்குங்கள். வீடுகள் இருக்கிற, கடையோ கோவிலோ அண்மையில் இருக்கிற, பாரவூர்திகள் ஓடாத ஒரு கிலோமீற்றரைத் தெரிவு செய்து, அதன் இரு மருங்கிலும் பற்றைகளை வெட்டி, குழிகளை நிரப்பி, விளக்குகளைப் போடுங்கள்.

விளக்கு போடுவதை விட அதை எரிய வைப்பதே பெரிய வேலை. மின்கலம் மாற்றப்படாமல் தலை குனிந்து நிற்கும் சூரிய மின்விளக்குக் கம்பங்கள் எத்தனை வீதிகளில் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். புதிதாக நூறு விளக்கு வாங்குவதற்கு முன்னர், இருக்கும் விளக்குகளைத் திருத்த ஒருவரை நியமித்து, விளக்கு எரியாவிட்டால் அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கத்தைக் கம்பத்திலேயே எழுதி வையுங்கள். அந்த ஒரு கிலோமீற்றரில் உள்ள நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையுடன் பேசுங்கள்.

திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளைப் பூங்காவில் நாட்டித் திறப்பு விழா வைக்கும் யோசனை உங்கள் சபையில் எழுந்தால், அதைச் சற்றுப் பின்போடும்படி கேட்கிறேன். கருவிக்கு எண்ணெய் விட வேண்டும், போல்ற் இறுக்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்று இரும்பை விட்டு வைக்காது. அதே பணத்தில் மட்டமான நடைபாதையும், ஒவ்வொரு இருநூறு மீற்றருக்கும் ஒரு வாங்கும் போட்டால், அது எல்லோருக்கும் பயன்படும். குறிப்பாக, போரில் காலை இழந்து செயற்கைக்கால் பூட்டியிருப்பவர்களையும், சக்கர நாற்காலியில் வாழ்பவர்களையும் நினையுங்கள். அவர்களும் இப்போது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறார்கள்; அவர்களுக்கும் சீனியும் பிரசரும் வருகின்றன. கிரவலில் செயற்கைக்கால் சறுக்கும், சக்கரம் புதையும். அவர்களுக்கு மட்டமான தளமே முதல் உதவி.

மைதானங்கள் பற்றி ஒரு சொல். எங்கள் விளையாட்டுக் கழகங்கள் இளைஞர்களுக்கானவை. கரப்பந்தாட்டமும் உதைபந்தாட்டமும் அவர்களுடையவையாகவே இருக்கட்டும். ஆனால் வாரத்தில் இரண்டு மாலைகளை நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கென்று எழுத்தில் ஒதுக்குங்கள். எழுத்தில் இல்லாத ஒதுக்கீடு முதற் சுற்றுப்போட்டியோடு காணாமல் போய்விடும். பாடசாலை மைதானம் என்றால் அதிபருடனும் வலயக் கல்விப் பணிமனையுடனும் பேசி, திறப்பு யார் கையில் இருக்கும் என்பதையும் முடிவு செய்யுங்கள். ஐப்பசி தொடக்கம் தை வரை மழை வீதியைச் சேறாக்கும் மாதங்களில், கூட்டத்துக்கும் நிவாரணப் பதிவுக்கும் மட்டுமே திறக்கப்படும் பொதுநோக்கு மண்டபங்களை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களிடம் மாலையில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொடுங்கள். தசை வலுவூட்டும் பயிற்சிக்கு அங்கிருக்கும் கதிரைகளே போதும்.

வெயில் நேரத்தில் நடந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கே தலை சுற்றும் வெயில் இது. வவுனியா மாவட்டம் உட்பட எங்கள் பகுதிகளில் காரணம் முழுமையாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது; வெப்பத்தில் உழைத்து உடல்நீர் வற்றுவது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. சீனி வருத்தத்தால் கால் மரத்துப் போனவர்கள் சுடுமணலிலும் கல்லிலும் நடந்து காயப்பட்டால், அந்தப் புண் விரலையே எடுக்கும் வரை போகலாம். அவர்கள் மூடிய சப்பாத்துடன், தண்ணீர்ப் போத்தலுடன், குளிர்ந்த வேளையில் நடக்க வேண்டும். அந்தக் குளிர்ந்த வேளைதான் இருட்டாக இருக்கிறது.

அடுத்த ஆண்டுக்கான பாதீட்டை இந்த ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்றப் போகிறீர்கள். வீதி விளக்கு, வீதித் திருத்தம், சுகாதாரம் என்று எப்படியும் அதில் தனித்தனி வரிகள் இருக்கும். அம்மூன்று வரிகளில் இருந்தும் சிறு பங்கை எடுத்து ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரே வீதியில் சேர்க்கும்படி வேண்டுகிறேன். எந்த வீதி என்பதை அலுவலகத்தில் இருந்து தீர்மானிக்க வேண்டாம். உங்கள் வட்டார உறுப்பினர் ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு எங்களுடன் வரட்டும். நாங்கள் நடக்க விரும்பும் வீதியையும், நடக்க முடியாமல் திரும்பி வரும் இடத்தையும் நேரில் காட்டுகிறோம்.

இங்ஙனம்,
கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஆசிரியை ஒருவர்