தேரிக்காட்டுச் சுனைக்கும் ஒரு பங்கு வையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நிலத்தடி நீர் குறைகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் குடிநீர், விவசாயம், தொழிற்சாலை என்று மூன்று கணக்கைத்தான் எழுதுகிறார்கள். அந்தத் தண்ணீரை மட்டுமே நம்பி நிற்கிற மரமும் மயிலும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எங்கள் பக்கத்துத் தேரிக்காட்டை வைத்தே சொல்கிறேன்.

திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில் செக்கச்செவேல் என்று கிடக்கிற மணல்மேடுதான் குதிரைமொழித் தேரி. சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. பனை, உடைமரம், கொல்லாமரம் (முந்திரி) என்று வறட்சி தாங்குகிற மரங்கள்தான் கண்ணில் படும். அதையெல்லாம் பார்த்துக்கொண்டே மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனால், சட்டென்று நிழல், சில்லென்று காற்று, நடுவில் சுனை. ஆறோ வாய்க்காலோ வந்து நிரப்புகிற தண்ணீர் இல்லை அது. தேரியில் பெய்யும் மழை ஓடாது, மணல் அப்படியே குடித்துவிடும். உள்ளே இறங்கின தண்ணீர் தாழ்வான இடம் பார்த்து மெல்ல மெல்லக் கசிந்து வெளியே வருவதுதான் சுனை. ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழையைத்தான் அந்த மரங்கள் கோடையில் குடித்துக்கொண்டிருக்கின்றன.

அப்படியென்றால் தேரியைச் சுற்றி நாம் போடுகிற ஒவ்வொரு ஆழ்துளைக் கிணறும், அதாவது போரும், அந்த மரங்களின் பங்கில்தான் கை வைக்கிறது. வாழை போட்டவர்களைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் போட்டோம். கிணறு வற்றியதும் போர் போட்டோம், அதுவும் குறைந்ததும் இன்னும் ஆழம் இறக்கினோம். தண்ணீர் வந்தது, ஆனால் உப்பாக வந்தது. முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தும் வேகவில்லை, விறகு போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் தென்னை ஓலை நுனி கருக ஆரம்பித்தது. இப்போது குடிக்கக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம்.

ஏன் இப்படி ஆகிறது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது, உப்புத் தண்ணீருக்குக் கனம் அதிகம் என்பதால். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் இருந்தால் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். திருச்செந்தூரில் கடலுக்குப் பக்கத்திலேயே நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கிறதே, அதற்கும் இப்படி மேலே மிதக்கிற தண்ணீர்தான் காரணம். ஆனால் மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி போய்விடும். போரை ஆழமாக இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று நம்பி உப்பை நாமே மேலே இழுத்துவிட்டோம். போர் போட்ட நாங்கள் கேன் வாங்கிக்கொள்கிறோம், அந்த மரங்கள் என்ன செய்யும்?

இதற்கிடையில் லாரி லாரியாகத் தண்ணீர் எடுத்து விற்பதும் நடக்கிறது. எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். "பட்டா நிலம், அவர் கிணறு, அவர் தண்ணீர், நாங்கள் என்ன செய்ய?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம் தந்த நினைப்பு இது, நிலம் யாருடையதோ அடியில் உள்ள தண்ணீரும் அவருடையது என்று. தமிழ்நாடு 2003-இல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் போட்டது, 2013-இல் அதையும் ரத்து செய்துவிட்டார்கள். தண்ணீர் வேலி பார்த்தா ஓடுகிறது?

பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. சுனைக்குப் பக்கத்தில் ஒரு கண்காணிப்புக் கிணறு அமைத்து மாதா மாதம் மட்டத்தை அளந்து ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடட்டும். அந்த மட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனால் சுற்றுவட்டாரத்தில் புதுப் போரும் லாரியும் நிற்கட்டும். தாமிரபரணியில் வெள்ளம் போகும்போது சடையனேரிக் கால்வாயில் தண்ணீர் விட்டுப் புத்தன்தருவை, வைரவன்தருவை ஏரிகளை முதலில் நிரப்பட்டும். தருவை பெருகின வருடம் சுற்றியுள்ள கிணறுகளில் உப்பு குறைவதை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருவதால் இந்தப் பக்கம் மனை விற்பனை இனி சூடுபிடிக்கும், மனைக்கு ஒரு போர் என்று ஆரம்பித்துவிட்டால் பிறகு அளந்து பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

உங்கள் நிருபரை ஒருமுறை அனுப்பி வையுங்கள். பங்குனி உத்திரத்துக்கு வேண்டாம், அன்றைக்குக் கூட்டம்தான் தெரியும். புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். சுனை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உடன்குடி வாசகர்