மோட்டார் இளைக்கும் அந்த நிமிடத்தில் பார்க்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

தோட்ட வேலை முடிந்த கையோடு பெர்ணம் ஆற்றில் தூண்டிலுடன் இறங்கும் நம்மவர்கள் ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் நிறையப் பேர். ஜெட்டியில் போட்டு மோட்டாரைப் பற்றி அவர்களிடம் கேட்கும் புலம்பல் பெரும்பாலும் ஒன்றுதான்: "கரையில ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகுது, கொஞ்ச தூரம் நல்லா போகுது, அப்புறம் திடீர்னு இளைச்சிடுது. நிறுத்திக் கிளப்புனா மறுபடி ஓடுது." பட்டறைக்குத் தூக்கிப் போனால் முதலில் பிளக் மாற்றுகிறார்கள். அடுத்து கார்புரேட்டர் சர்வீஸ். அதற்கும் அடங்காவிட்டால், பிளக்குக்குப் பொறி அனுப்பும் சிடிஐ பெட்டி. வெள்ளி கரைந்ததுதான் மிச்சம்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. பட்டறையில் தண்ணீர் டிரம்மில் வைத்து ஓட்டும்போது இன்ஜினுக்குச் சுமை இல்லை, பெட்ரோலும் அதிகம் இழுக்காது. அதனால் கோளாறு ஒளிந்துகொள்ளும். ஆள் ஏறி, முழு வேகத்தில் ஓடும்போதுதான் அது தலைகாட்டும். ஆகவே அந்த நிமிடத்தில் போட்டில் இருப்பவர் எதைத் தொட்டுப் பார்த்தார் என்பதை வைத்துத்தான் நோயைக் கண்டுபிடிக்க முடியும். இங்கே அதிகம் ஓடும் கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் பெட்ரோல் ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் பம்பில் கை வைக்கட்டும். மோட்டார் இளைக்கத் தொடங்கியதும் அதை நாலைந்து முறை அழுத்த வேண்டும். அழுத்த அழுத்த வேகம் திரும்பினால், கோளாறு பெட்ரோல் வரும் வழியில். பிளக்கும் சிடிஐயும் வாங்க வேண்டாம்.

ரப்பர் பம்ப் சப்பிப்போய் ஒட்டிக் கிடந்தால், அடைப்பு அதற்கும் டாங்குக்கும் இடையில். முதல் சந்தேகம் டாங்கு மூடியில் இருக்கும் காற்றுத் திருகு. மோட்டார் சைக்கிளிலோ காரிலோ டாங்கைக் கொண்டுவரும்போது வாடை வரக்கூடாது என்று இறுக்கியிருப்பார்கள். ஆற்றில் திறக்க மறந்துபோகும். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் வெளியே வராது. மூடியைத் தளர்த்தும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் காரணம் அதுதான். அது இல்லையென்றால் டாங்கினுள் இறங்கும் உறிஞ்சு குழாயின் அடிவலையைக் கழற்றிப் பாருங்கள். பழைய டாங்கில் பசை போன்ற கசடு அங்கேதான் சேரும்.

பம்ப் சப்பாமல் தொளதொளவென்று இருந்து, அழுத்தியதும் இறுகி, மோட்டாரும் எழுந்துகொண்டால் இரண்டு வழிதான். ஒன்று, எங்கோ காற்று இழுக்கிறது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹோஸில் சொட்டுக்கூட ஒழுகவில்லையே என்பார்கள். இன்ஜின் உறிஞ்சும் பக்கம் என்பதால் ஓட்டை வழியாகப் பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். மோட்டாரில் மாட்டும் கனெக்டரின் உள்ளே இருக்கும் சிறு ஓ-ரிங் தேய்ந்திருக்கும், அல்லது ஹோஸ் முனையில் கிளிப்புக்குப் பதில் கேபிள் டை கட்டியிருப்பார்கள். பெட்ரோல் தாங்கும், உள்ளே தெரியும் ஹோஸ் ஒரு துண்டை இன்ஜின் பக்கம் தற்காலிகமாகச் செருகி ஓட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

இன்னொன்று, இன்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்பின் சவ்வு. இன்ஜினுக்குள் ஏறி இறங்கும் அழுத்தத்தால் துடிப்பது அது. வயதாகி விறைத்துவிட்டால் மெதுவான ஓட்டத்துக்குப் போதும், முழு வேகத்துக்குப் போதாது. ஊசித்துளை விழுந்தால் பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் இறங்கும். ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் கறுத்து நனைந்து வருவது அதன் அடையாளம். சவ்வு, கேஸ்கெட் சேர்ந்த கிட்டாகக் கிடைக்கிறது. மொத்த பம்பையும் மாற்றத் தேவையில்லை.

ஹோஸின் வயதையும் பாருங்கள். வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்தோல் பெட்ரோலில் ஊறிப் பிரிந்து, வேகமாக உறிஞ்சும்போது நாக்குப் போல மடிந்து வழியை அடைக்கும். வேகம் குறைந்ததும் மறுபடி விலகிக்கொள்ளும். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. சந்தேகம் இருந்தால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். புது ரப்பர் பம்ப் மாட்டும்போது அம்புக்குறி இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும்.

ரப்பர் பம்ப் கல்போல் இறுகியிருந்தும் மோட்டார் இளைக்கிறதா? சோக்கைக் கொஞ்சமாக இழுத்துப் பாருங்கள். உடனே எழுந்துகொண்டால் கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் சிறு துளையான மெயின் ஜெட்டில் அடைப்பு. கம்பியால் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள்; கழற்றி, கிளீனர் அடித்து, காற்றால் ஊதினால் போதும். ஜெட்டை அடைப்பது பெரும்பாலும் வாரக்கணக்கில் கார்புரேட்டரில் காய்ந்த பெட்ரோல்தான். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் மோட்டாரை அலசும்போதே பெட்ரோல் ஹோஸைக் கழற்றிவிட்டுத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

தண்ணீர் கலந்த பெட்ரோலும் இதே ஆட்டம் காட்டும். டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் அடியில் தங்கும், பெட்ரோல் மேலே நிற்கும். தகரக் கொட்டகையில் பாதி டாங்கு பெட்ரோலோடு கிடப்பில் போட்டாலும் நீர் கோக்கும். தண்ணீரைப் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்று மாட்டிவிட்டால் இந்தத் தலைவலி பெரிதும் குறையும். டாங்கை எப்போதும் போட்டிலிருந்து இறக்கி, தரையில் வைத்தே நிரப்புங்கள். பெட்ரோல் ஆவி போட்டின் அடியில் தேங்கும். சிகரெட்டுக்கு அங்கே இடமே இல்லை.

ஆயில் கலப்பு பற்றி ஒரு வார்த்தை. 50:1 என்றால் 25 லிட்டருக்கு 500 மில்லி. சில மாடல்களுக்கு 100:1 என்று இருக்கும், கையேட்டைப் பாருங்கள். டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்ட ஆயில்தான் வேண்டும். மலிவு என்று மோட்டார் சைக்கிள் 2டி ஆயிலை ஊற்றினால் சாம்பல் படிந்து பிளக் இடைவெளியை அடைக்கும்.

ரப்பர் பம்புக்கும் சோக்குக்கும் மசியாமல், சூடேறியபின் மட்டும் இளைத்து, அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடினால், அது கரண்ட் சமாச்சாரம். அப்போதும் சிடிஐக்கு முன்னால் பார்க்க வேண்டியது, மோட்டாரை நிறுத்தும் கில் சுவிட்ச். உப்புக்காற்றில் அதன் உள்ளே பச்சை பூத்து, போட்டு குலுங்கும்போதெல்லாம் எர்த் அடிக்கும். சுவிட்சின் வயரைக் கழற்றி ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் பிறகு மோட்டாரை நிறுத்தச் சோக்கை முழுக்க இழுக்க வேண்டியிருக்கும், ஓட்டுபவர் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறும் வேலை செய்யாது. ஆகவே கரையில் கட்டிவைத்துத்தான் இந்தச் சோதனை, ஆற்றில் வேண்டாம்.

ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கை இன்ஜின் தலையில் தொட்டுப் பார்ப்பது போதாது. வெளிக்காற்றில் பலவீனமான இக்னிஷன் காயிலும் பொறி தட்டும். ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடைவெளி வைத்த ஸ்பார்க் டெஸ்டரில், இன்ஜின் சூடாக இருக்கும்போதே பாருங்கள். மீட்டர் வைத்து ஓம் அளப்பதும் சூட்டில்தான். ஆறிய காயில் நல்ல பிள்ளைபோல் அளவு காட்டும்.

இன்னும் இரண்டு. பக்கத்தில் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே நிறுத்துங்கள். நீர் இழுக்கும் வலையில் நெகிழிப்பை ஒட்டியிருக்கலாம், அல்லது சேற்றுத் தண்ணீர் நீர் பம்பின் இம்பெல்லரைத் தின்றிருக்கலாம். பீய்ச்சும் துளை மட்டும் அடைத்திருந்தால் தடித்த தூண்டில் நரம்பால் குத்தி எடுக்கலாம். எச்சரிக்கை வசதி உள்ள சில மோட்டார்கள் சூடேறினால் தாமாகவே வேகத்தை இறக்கிவிடும். அதைக் கோளாறு என்று எண்ணி முறுக்காதீர்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, போட்டு நகரவில்லையென்றால் புரொப்பெல்லரின் நடு ரப்பர் வழுக்குகிறது. நடு உலோகத்திலிருந்து இறக்கைப் பகுதிவரை குறுக்கே பெயிண்டில் ஒரு கோடு போட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். கோடு விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது.

சிடிஐ பெட்டியைக் கடைசியாக வையுங்கள். மின் பாகங்களைப் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை. அதே மாடல் மோட்டார் ஜெட்டியில் யாரிடமாவது இருந்தால், பாக எண் ஒன்றுதானா என்று பார்த்து, ஒரு மாலைக்கு அந்தப் பெட்டியை இரவல் வாங்கி மாட்டி ஓட்டிப் பாருங்கள். அப்படியும் இளைத்தால் உங்கள் பெட்டி நல்லதுதான் என்று தெரிந்துபோகும், வாங்கும் செலவு மிச்சம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.