ரோரி கல்லகருக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அயர்லாந்துக்காரர் ரோரி கல்லகரின் கிடாரைக் கேட்டுக் கிறங்கிப்போன ஒரு ரசிகன் எழுதுகிறேன். 1995 ஜூன் 14 அன்று, கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு வந்த தொற்றில், லண்டனில் 47 வயதிலேயே போய்விட்டார். அவருக்கு நேரில் நன்றி சொல்ல வழியில்லை. ஆனால் அவரை ஊர் ஊராக மேடையேற்றியவர்களுக்குச் சொல்லலாம் அல்லவா?

முதல் நன்றி அவருடைய அம்மா மோனிகாவுக்கு. 1963-ல் அயர்லாந்தின் கார்க் நகரத்தில் க்ரௌலி இசைக்கடையில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிடார் ஒன்று விற்பனைக்கு வந்தது, 1961-ல் செய்தது, கிட்டத்தட்ட 100 பவுண்டு, அந்தக் காலத்தில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அது மலைப்பான தொகை. பதினைந்து வயது மகன் வந்து, இது இருந்தால் ரிதமும் (தாளத்துக்கான பின்னணி வாசிப்பு) லீடும் (முன்னணி மெட்டு) நானே வாசித்துவிடுவேன், இன்னொரு கிடார்காரர் தேவையில்லை என்று கணக்குச் சொல்கிறான். எத்தனை வீட்டில் அந்தக் கணக்கு எடுபடும்? எடுபட்டதற்கு நன்றி அம்மா.

அடுத்தது கடைக்காரர் மைக்கேல் க்ரௌலி. ராயல் ஷோபேண்ட் என்ற அயர்லாந்து நடன இசைக்குழுவின் ஜிம் கான்லன் சிவப்பு நிறத்தில் கேட்டு, மாறி வந்த சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிறி ஓரத்தில் கருமையாகும் வண்ணம்) கிடார் அது. அதை ஒரு பள்ளிக்கூடப் பையனை நம்பித் தவணைக்குக் கொடுத்தார் பாருங்கள், அந்த நம்பிக்கையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கடைசிவரை ரோரியின் கையில் இருந்த கிடார் அதுதான், வியர்வை பட்டுப்பட்டு வண்ணமெல்லாம் உதிர்ந்து வெறும் மரம் தெரிகிற வரைக்கும்.

டோனல், உங்களுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. தம்பியாகப் பிறந்து, வேன் ஓட்டி, பயணங்களைக் கவனித்து, மேலாளராகி, அண்ணன் போன பிறகும் ஒலிநாடாக்களைத் தேடியெடுத்துச் சுத்தப்படுத்தி வெளியிட்டீர்கள். 1975 தொடக்கத்தில் புகழ்பெற்ற ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்கு அழைத்து வாசிக்கச் சொன்னபோதுகூட, சொன்னபடி ஜப்பான் கச்சேரிகளுக்குக் கிளம்பிப் போனவர் ரோரி. ஒத்துக்கொண்ட மேடையை விடக்கூடாது என்று நினைக்கிற ஒருவருக்குப் பக்கத்திலேயே நின்று அதைச் சாத்தியமாக்க ஒரு ஆள் வேண்டும். அது நீங்கள்.

பேஸ் கிடார் வாசித்த ஜெரி மெகவாய், 1971-லிருந்து 1991 வரை இருபது வருடம்! அடுத்த பாட்டு எது என்று மேடையில் முடிவாகிற குழுவில், ரோரியின் காலசைவைப் பார்த்தே பின்தொடர்ந்த மனிதர். லூ மார்ட்டினின் பியானோவுக்கும், வில்கர் காம்ப்பெல், ராட் டெய்த், டெட் மெக்கென்னா, பிரெண்டன் ஓ'நீல் ஆகியோரின் டிரம்ஸுக்கும் சேர்த்தே வணக்கம். அப்புறம் ஆம்புகளையும் (கிடார் ஒலியைப் பெருக்கும் பெட்டிகள்) கிடார்களையும் சுமந்து இறக்கி, நரம்பு மாற்றி, ஸ்ருதி பார்த்துக் கொடுத்த டாம் ஓ'ட்ரிஸ்கால். மேடைக்குப் பின்னால் நிற்பவர்களின் பெயரை நாம் சொல்வதே இல்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் மேதையான மடி வாட்டர்ஸ் ஐயாவுக்கும் நன்றி. 1971 டிசம்பரில் லண்டன் ஒலிப்பதிவுக்கு, வெளியூரில் கச்சேரி முடித்துவிட்டு ராத்திரியில் ஓடிவந்த இருபத்து மூன்று வயதுப் பையனுக்காகக் காத்திருந்தீர்கள். வானொலியில் ப்ளூஸ் கேட்டு வளர்ந்தவனுக்கு அதைவிட என்ன மரியாதை வேண்டும்?

வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் மக்களே, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1970-களில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் மோதலில் நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பயந்து பல குழுக்கள் உங்கள் ஊரைத் தவிர்த்தபோது ரோரி திரும்பத் திரும்ப வந்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த இரவுகளில் வீட்டைவிட்டுக் கிளம்பி அல்ஸ்டர் ஹால் என்ற கச்சேரி அரங்குக்கு வந்தவர்கள் நீங்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று பாராமல் ஒரே கூரைக்கு அடியில் நின்றீர்கள். 1974 ஜனவரியில் பெல்பாஸ்ட், டப்ளின், கார்க் என்று நடந்த அந்தப் பயணத்தின் பதிவைக் கேட்டால் பாதி உயிர் கூட்டத்தின் சத்தத்தில்தான் இருக்கிறது.

ஜெர்மனியின் ராக்பலாஸ்ட் என்ற தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிக் குழுவினரே, 1977 ஜூலையில் எஸ்ஸென் நகரில் விடிய விடிய நடந்த நிகழ்ச்சியைப் படம் பிடித்து வைத்தீர்கள். என்னைப் போல அவரை ஒருமுறைகூட நேரில் பார்க்க வாய்ப்பில்லாமல் தமிழ்நாட்டில் இருப்பவர்கள், கட்டம் போட்ட சட்டையில் அவர் தாவித்தாவி வாசிப்பதைப் பார்க்க முடிவது உங்களால்தான்.

கடைசியாக, 2024 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் அந்தக் கிடாரை 889,400 பவுண்டுக்கு வாங்கி, அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுக்க முன்வந்த கச்சேரி ஏற்பாட்டாளர் டெனிஸ் டெஸ்மண்டுக்கு மனமார்ந்த நன்றி. தனியார் பெட்டகத்துக்குள் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். அருங்காட்சியகத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: கண்ணாடிக்குள் வையுங்கள், சரி, ஆனால் வருடத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்து, கார்க்கிலோ, அவர் பிறந்த டோனிகாலிலோ ப்ளூஸ் பழகுகிற ஒரு இளம்பிள்ளையின் கையில் கொடுத்து வாசிக்க வையுங்கள்.