உடைந்த நாற்காலிக் கால் இருந்தால் கொடுத்தனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மரச் செதுக்கல் தொடங்குகிறோம். விருப்பமுள்ளவர்கள் சேரலாம், மதிப்பெண் கிடையாது. மரத்தைக் காசு கொடுத்து வாங்கப் போவதில்லை. காற்றில் முறிந்த கிளை, உடைந்த நாற்காலிக் கால், கழற்றிப் போட்ட கதவுச் சட்டம் போன்றவை வீட்டில் கிடந்தால் கொடுத்தனுப்புங்கள்.

அதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் அனுப்பிவிட வேண்டாம். பெயின்ட் அடித்த பழைய பலகை வேண்டவே வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். சுரண்டும்போது தூளாகி மூச்சோடு உள்ளே போகும். பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றிய மரமும் அப்படித்தான். சரக்கு ஏற்றும் பேலட் பலகை என்றால் அதிலுள்ள முத்திரையைப் பாருங்கள். எச்டி (HT) என்றிருந்தால் மரத்தின் உட்புறம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது, எடுத்துக்கொள்ளலாம். எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, விட்டுவிடுங்கள். அரளிக் கிளையும் கூடாது, அது முழுக்க விஷம். ஆணிகளை மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், காந்தம் இருக்கிறது.

தேக்குத் துண்டு கிடைத்தால் சந்தோஷம்தான், ஆனால் அதிலுள்ள சிலிக்கா உளியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். புதிதாகப் பழகுகிற கைக்குக் குமிழ் போன்ற மென்மையான மரமே நல்லது.

பச்சைக் கிளை இன்னும் சுலபமாகச் சீவ வரும். அதில்தான் நான் ஏமாந்தேன். ஒரு முழுக் கிளையில் ஆந்தை செதுக்கி மேசையில் வைத்திருந்தேன். ஒரே மாதத்தில் அலகிலிருந்து கால்வரை பிளந்துவிட்டது. மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, சுற்றளவில்தான் அதிகம் சுருங்கும். அந்த இழுப்புக்கு, மையத்தில் ஓடும் நடுத்தண்டோடு இருக்கும் உருளை ஈடுகொடுக்காமல் வெடித்துவிடும். ஆகவே கிளையை நடுவே பிளந்து, அந்த நடுத்தண்டை நீக்கி, இரு முனைகளிலும் மெழுகு தடவி நிழலில் போட்டு வையுங்கள்.

அப்புறம், கத்தி. உங்களில் பலர் இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். கூர்மையான கத்தியைவிட மழுங்கிய கத்திதான் எனக்குப் பயம். அது வெட்டாது, பிள்ளை பலம் கொடுத்து அழுத்தும், வழுக்கும். தீட்டும் வேலையை ஆசிரியரே செய்வார். மரத்தைப் பிடிக்கும் கைக்கு வெட்டுப்படாத கையுறை உண்டு. ஒருவர் கை நீட்டினால் அடுத்தவர் மேல் படாத தூரத்தில்தான் உட்கார வேண்டும். தொடைகளுக்கு நடுவே மரத்தை வைத்துச் செதுக்குவதற்கு அனுமதியே இல்லை. உள்தொடையில் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது.

வீட்டில் மெருகேற்ற ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும் துணி அது. வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பிள்ளை செதுக்கி முதலில் வீட்டுக்குக் கொண்டுவரும் பறவை பறவைபோல இருக்காது. "இது என்ன, உருளைக்கிழங்கா?" என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.

ஒப்புதல் சீட்டை இணைத்திருக்கிறேன். பிள்ளைக்கு ஆஸ்துமாவோ தூசு ஒவ்வாமையோ இருந்தால் அதிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். உப்புத்தாள் தேய்க்கும் நாளில் அவர்களை வெளியே உட்கார வைத்துச் செதுக்கச் சொல்வோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்