ரோமன் ரோலண்ட் நூலகத்தில் ஒரு கன்சோல் வேண்டும்

புதுச்சேரி அரசின் கலை, பண்பாட்டுத் துறையினருக்கும் ரோமன் ரோலண்ட் நூலகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

1827ல் தொடங்கிய நம் நூலகத்துக்கு 2027ல் 200 வயது நிறைகிறது. விழா எடுப்பீர்கள், மலர் வெளியிடுவீர்கள், புதுப் புத்தகங்கள் வாங்குவீர்கள். எல்லாம் நல்லபடி நடக்கட்டும். அந்தச் செலவுக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த மடல்: ஒரு டிவி, அதில் இணைத்து வீடியோ கேம் ஆடும் கருவியான ஒரு கன்சோல், ஜப்பானில் உருவான பழைய ரோல் பிளேயிங் கேம்கள் (கதையின் பாத்திரமாக நாமே ஆடுபவை) பத்துப் பதினைந்து. நூலகத்துக்குள் ஒரு மூலை போதும்.

நூலகத்தில் எதற்குக் கேம் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். பொதுப் பணத்தில் வாங்கும் பொருளுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கேம் என்றதும் நம் ஊரில் பெற்றோருக்கு ரம்மிதான் நினைவுக்கு வருகிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடுத்தது. நான் கேட்பது அந்த வகையே இல்லை. இதில் பந்தயம் கிடையாது, முகம் தெரியாதவர்களோடு பேச்சு கிடையாது, நடுவில் காசு கேட்பதும் கிடையாது. டிஸ்க்கைப் போட்டால் ஒரு கதை தொடங்கும். முப்பது, நாற்பது மணி நேரம் ஓடி முடியும். முடிந்தால் முடிந்ததுதான்.

1986 மே மாதம் ஜப்பானில் டிராகன் குவெஸ்ட் என்ற ரோல் பிளேயிங் கேம் வந்தது. கதையும் வடிவமைப்பும் யூஜி ஹோரி, ஓவியம் அகிரா டோரியாமா. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஹிரோனோபு சகாகுச்சியின் ஃபைனல் ஃபேன்டஸி. ஊர் ஊராக நடக்க வேண்டும், எதிரே வருபவரிடம் பேச வேண்டும், அவர் சொன்னதை நினைவில் வைத்து அடுத்த ஊருக்கான வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். சண்டையும் முறை வைத்துத்தான் நடக்கும். நம் முறை வரும்போது யோசித்து ஒரு கட்டளை கொடுக்கிறோம், பிறகு எதிரியின் முறை. கைவேகம் பெரிதாகத் தேவையில்லை. அறுபது வயதுக்காரரும் ஆடலாம்.

இவற்றை நூலகத்தில் வைக்கச் சொல்வதற்கு என் முதல் காரணம், இவை வாசிக்கும் கேம்கள். அந்தக் காலத்தில் கேம் வந்த கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியில் குரலைப் பதிந்து வைக்க இடம் இல்லை. அதனால் கதை முழுவதும் எழுத்தில்தான் நடக்கிறது. அரசன் பேசுவதும் எழுத்து, கடைக்காரர் விலை சொல்வதும் எழுத்து, பாத்திரம் சாகும்போது சொல்லும் கடைசி வார்த்தையும் எழுத்து. அதிலும் ஒரு பெரிய வசதி உண்டு. சினிமாவின் சப்டைட்டில் போல அது ஓடிவிடாது. நாம் பட்டனை அழுத்தும்வரை அந்த வரி அப்படியே நிற்கும். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் அது காத்திருக்கும்.

விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் என் வீட்டுக்கு வருவார்கள். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் பெண் உரக்க வாசிப்பாள், அவள் தம்பி கன்ட்ரோலரைப் பிடித்திருப்பான். புரியாத சொல் வந்தால் இருவரும் என்னைப் பார்ப்பார்கள். எந்த ஊரில் யார் என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதி வைக்கும் பழக்கத்தை அவர்களே தொடங்கினார்கள். வாசித்தால்தான் அடுத்த கதவு திறக்கும் என்று ஆகிவிட்டால் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். இதை என் கண்ணால் பார்த்ததால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

அந்தக் கதைகளுக்கும் நூலகத்தில் இடம்பெறும் தகுதி உண்டு. 1991ல் வந்த நான்காம் ஃபைனல் ஃபேன்டஸியை எடுத்துக்கொள்ளுங்கள். செசில் ஒரு பெரிய நாட்டின் வான்படைத் தளபதி. அரசன் ஆணைப்படி, எதிர்க்க வலுவில்லாத ஒரு ஊருக்குள் புகுந்து அவர்கள் காத்துவந்த படிகத்தைப் பறித்து வருகிறான். மனசாட்சி உறுத்த, அரசனிடம் காரணம் கேட்கிறான். உடனே பதவி போகிறது. அப்புறம் அவன் கையில் ஒரு பொருளைக் கொடுத்து மிஸ்ட் என்ற சிற்றூருக்கு அனுப்புகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஊரை அடைந்ததும் அதிலிருந்து நெருப்பு கிளம்பி ஊரே எரிகிறது. பிழைத்த சிறுமி ரிடியாவின் தாய் இறந்ததும் அவனால்தான். அந்தச் சிறுமியைக் காப்பாற்றுவதிலிருந்து அவனுடைய உண்மையான பயணம் தொடங்குகிறது. ஆணைக்குக் கீழ்ப்படிந்தவனுக்கும் பொறுப்பு உண்டா என்ற கேள்வியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் கதை இது. கன்ட்ரோலர் நம் கையில் இருப்பதால் அந்தப் பொருளை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நாமாகவே ஆகிறோம். புத்தகத்தில் வாசிப்பதைவிட இது வேறு விதமாகத் தைக்கிறது.

ஆறாம் பாகத்தில் (1994) கதையின் நடுவிலேயே உலகம் அழிந்துவிடுகிறது. எஞ்சியவர்களைத் தேடித் தேடிச் சேர்ப்பதுதான் மீதிக் கதை. சூயிகோடென் தொடரில் சீனத்துப் பழைய நாவலின் சாயலில் 108 பேரை ஒன்றுசேர்க்கிறோம். அதன் இரண்டாம் பாகத்தில் உயிர் நண்பர்கள் இருவர் போரின் எதிரெதிர்ப் பக்கங்களில் போய் நிற்கிறார்கள். இன்னும் நிறைய உண்டு. சொல்லிக்கொண்டே போனால் இந்த மடல் முடியாது.

இவை எல்லாம் முப்பது ஆண்டுப் பழையவை, இப்போது எதற்கு என்றால், நமக்கு இவை பழையவையே அல்ல. 90களில் புதுச்சேரியிலும் கடலூரிலும் நாங்கள் ஆடியது டிவி கேம். ஒரே கார்ட்ரிட்ஜில் ஆயிரக்கணக்கான கேம்கள் என்று அட்டையில் போட்டிருக்கும். மாரியோ இருக்கும், கான்ட்ரா இருக்கும். ரோல் பிளேயிங் கேம் மட்டும் இருக்காது. நாற்பது மணி நேரக் கதைக்கு ஆடிய இடத்தைச் சேமித்து வைக்க வேண்டும், அதற்குக் கார்ட்ரிட்ஜுக்குள் பேட்டரி வேண்டும். மலிவு கார்ட்ரிட்ஜில் அது ஏது? கதையும் ஜப்பானிய எழுத்தில் இருந்தது. இப்படி ஒரு தலைமுறையின் பெரிய கதைகள் நம் ஊரைத் தொடாமலே போய்விட்டன. இன்றைய கன்சோல்களில் அவை மறுபடி வந்திருப்பதுதான் நமக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு.

பழைய கருவிகளையே தேடி வாங்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்க வேண்டாம். அந்தப் பேட்டரிகள் இத்தனை ஆண்டுகளில் தீர்ந்து சேமித்ததெல்லாம் அழிந்துவிடும். அதைவிட முக்கியம், பழைய வடிவில் இவை நூலகத்துக்கு ஒத்துவராது. முதல் டிராகன் குவெஸ்டில் பேட்டரிகூட இல்லை. நிறுத்திவிட்டுப் போக வேண்டுமென்றால் 20 எழுத்துக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும், ஒரு எழுத்து பிசகினாலும் போச்சு. மூன்றாம் ஃபைனல் ஃபேன்டஸியின் (1990) கடைசிப் பகுதி இன்னும் கொடுமை. உள்ளே போய்விட்டால் மணிக்கணக்கில் எங்கும் சேமிக்க முடியாது. கடைசியில் தோற்றால் அந்தப் பகுதி முழுவதும் முதலிலிருந்து.

முதல் ஆறு ஃபைனல் ஃபேன்டஸிகளும் பிக்சல் ரீமாஸ்டர் என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டு 2023 ஏப்ரலில் நிண்டெண்டோவின் ஸ்விட்ச், சோனியின் பிஎஸ்4 ஆகிய கன்சோல்களுக்கு வந்தன. அவற்றில் நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம். ஒருவருக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்தால் மணி அடித்ததும் சேவ் செய்துவிட்டு எழுந்துவிடலாம், அடுத்த வாரம் அதே இடத்திலிருந்து தொடரலாம். நடந்துபோகையில் திடீர் திடீரென வரும் சண்டைகளை நிறுத்தி வைக்கவும் வழி உண்டு. சண்டையில் கிடைக்கும், பாத்திரத்தை வலுவாக்கும் அனுபவப் புள்ளிகளை நான்கு மடங்கு வரை கூட்டலாம். இதையெல்லாம் ஏமாற்று வேலை என்று சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேருந்து பிடித்துப் பாகூரிலிருந்து வரும் பிள்ளையின் ஒரு மணி நேரம் கதைக்குப் போகட்டும், ஒரே பூச்சியை நூறு முறை அடிப்பதற்குப் போக வேண்டாம்.

இந்தப் பதிப்பில் புதுச்சேரிக்கென்றே செய்து வைத்ததுபோல இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆடும் அதே கதையைப் பிரெஞ்சிலும் வைத்து ஆடலாம். ஆறாம் பாகத்தில் வரும் ஓபரா காட்சியைப் பிரெஞ்சு உட்பட ஏழு மொழிகளில் பாடிப் பதிந்திருக்கிறார்கள். நோபுவோ உவேமட்சுவின் அந்த இசையில் பாடும் குரல் பழைய கருவியில் ஒரு செயற்கைச் சாயலாகத்தான் கேட்டது. இன்று மனிதக் குரலில் கேட்கிறது. பிரெஞ்சு நூல்களுக்குப் பேர்போன நம் நூலகத்தில், பிரெஞ்சு கற்கும் மாணவர்கள் ஒரு மாலை உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

தமிழ் இல்லை. அது எனக்குப் பெரிய வருத்தம். தாய்லாந்து மொழிவரை சேர்த்தவர்கள் தமிழைச் சேர்க்கவில்லை. தமிழ் வரும்வரை கன்சோலுக்குப் பக்கத்தில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஆடுபவர்கள் கதைக்குறிப்பையும் கடினமான சொற்களுக்குப் பொருளையும் தமிழில் எழுதி வைக்கட்டும். அடுத்து வருபவர் அதைப் பார்த்து ஆடட்டும்.

கேம்களைப் பாதுகாப்பது நூலக வேலைதானா என்ற கேள்விக்கு மற்ற நாடுகள் எப்போதோ பதில் சொல்லிவிட்டன. பிரான்சில் 1992ல் வந்த சட்டத்தின் பேரில் தேசிய நூலகம் வீடியோ கேம்களையும் சேர்த்து வைக்கிறது. ஜப்பானின் தேசிய நூலகமும் 2000 முதல் டிஸ்க்கிலும் கார்ட்ரிட்ஜிலும் வரும் கேம்களைச் சேர்த்து வைக்கிறது. நான் கேட்பது அந்த அளவுகூட இல்லை. ஆடிப் பார்க்க ஒரு சிறு திரட்டு, அவ்வளவுதான்.

வாங்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நிண்டெண்டோ இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக ஸ்விட்சை விற்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்ததை வாங்கினால் முறையான வாரன்டி இருக்காது, அரசுக் கணக்கில் அதைக் காட்டுவதும் சிரமம். பிஎஸ்5 இங்கேயே ஜிஎஸ்டி பில்லோடு கிடைக்கும். டிஸ்க் போடும் மாடலாகக் கேட்டு வாங்குங்கள், டிஸ்க் இல்லாத மாடலும் அதே பெயரில் விற்கிறது. பிஎஸ்4 டிஸ்க்குகளும் அதில் ஓடும். அவற்றின் சேவ்களை யுஎஸ்பியில் நகல் எடுத்தும் வைக்கலாம். பிக்சல் ரீமாஸ்டர் ஆறு பாகமும் சேர்ந்த தொகுப்பு, 2024 நவம்பரில் புதுவடிவில் வந்த மூன்றாம் டிராகன் குவெஸ்ட், 2025 மார்ச்சில் வந்த சூயிகோடென் முதல் இரண்டு பாகங்கள் என்று தொடங்கினாலே ஓராண்டுக்குக் காணும்.

டவுன்லோடாக வாங்கவே வேண்டாம். பெட்டிக்குள் டிஸ்க் இல்லாமல், டவுன்லோடுக்கான குறியெண் எழுதிய சீட்டு மட்டும் வைத்து விற்பதும் வேண்டாம். ஸ்விட்ச் 2க்கு வரும் சில கார்டுகளில் கேமே இருக்காது, டவுன்லோடுக்கான சாவி மட்டும்தான் இருக்கும். நிண்டெண்டோவின் பழைய கன்சோலான வீ-யின் ஆன்லைன் கடையை 2019 ஜனவரியில் மூடினார்கள். அவர்களுடைய 3டிஎஸ், வீ யூ கருவிகளின் ஆன்லைன் கடைகளில் 2023 மார்ச்சோடு விற்பனை நின்றது. அங்கே மட்டும் விற்ற கேம்களை இன்று காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. நூலக அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை யாரும் அப்படி மூட முடியாது.

அப்புறம் நம் ஊர்க் காற்று. கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக்காற்று எதையும் விட்டு வைக்காது. கன்சோலைக் கதவுள்ள அலமாரியில் வைக்க வேண்டும், ஆனால் பின்பக்கம் சூடு வெளியேற வழி இருக்க வேண்டும். யுபிஎஸ் கட்டாயம். சேவ் ஏறிக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போனால் ஒரு பிள்ளையின் பல வார உழைப்பு போய்விடும். தானே, ஃபெஞ்சல் புயல்களை எல்லாம் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அட்டையில் இருக்கும் வயது முத்திரையைப் பார்த்துச் சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனி அடுக்கு வைத்துவிட்டால் பெற்றோர் கவலையும் தீரும்.

யார் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது? நூலக ஊழியர்களுக்கு ஏற்கனவே வேலை அதிகம் என்று தெரியும். சனிக்கிழமை மாலைகளில் நான் வருகிறேன். கன்சோலை எடுத்து வைப்பது, முறை ஒதுக்குவது, சேவ்களை நகலெடுப்பது, முதல்முறை வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. சம்பளம் வேண்டாம். கடலூரிலிருந்தும் என்னைப் போன்ற நண்பர்கள் சிலர் முறைவைத்து வரச் சம்மதித்திருக்கிறார்கள். என்னிடம் உள்ள டிஸ்க்குகளில் சிறுவர்களுக்கு ஏற்றவற்றை நூலகத்துக்கே கொடுத்துவிடுகிறேன், ரசீது கொடுத்தால் போதும்.

இந்தக் கோரிக்கையை உடனே ஏற்க முடியாவிட்டால் பள்ளி விடுமுறையில் மே மாதம் மட்டும் சோதனையாக நடத்திப் பாருங்கள். அந்த ஒரு மாதத்துக்கு என் கன்சோலையும் டிவியையும் நானே கொண்டுவந்து வைக்கிறேன். யார் யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், போகும்போது புத்தகம் எடுத்துப் போனார்களா என்று பதிவேட்டில் குறித்துத் தருகிறேன். அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நேரில் பேச அழைத்தால் எந்த வேலை நாளிலும் வரத் தயார்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டையிலிருந்து உங்கள் நூலகத்தின் வாசகர் ஒருவர்