இசைவிழாவில் வயதானவர்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் சென்ற ஞாயிறு மாலை நடைபெற்ற கோடை இசைவிழா குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், "இளைஞர் கூட்டம் துள்ளிக் குதித்த மைதானத்தில், வழிதவறி வந்தவர்கள் போல முதியவர்கள் சிலர் ஓரமாக அமர்ந்திருந்தனர்" என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. நான் வழி தவறவில்லை. சீட்டு வாங்கி, பாட்டுக் கேட்பதற்காகவே சென்றிருந்தேன்.

எழுதியவர் யாரையும் புண்படுத்த நினைத்திருக்கமாட்டார் என்றே நம்புகிறேன். ஆனால் அன்று மாலை முழுவதும் என்மீது விழுந்த பார்வைகளை அந்த ஒரு வரி அச்சில் ஏற்றிவிட்டது. வாசலில் கையில் பட்டை கட்டிவிட்ட பையன், "ஆச்சி, பேத்தியக் கூட்டிட்டுப் போவ வந்தியளா?" என்று அன்பாகத்தான் கேட்டான். செல்பேசியில் இருந்த சீட்டைக் காட்டிய பிறகும் அவன் கண்கள் என் முதுகுக்குப் பின்னால் வேறு யாரையோ தேடின. உள்ளே கல்லூரிப் பிள்ளைகள் என்னைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதைக்காக விட்ட அந்த இடம் பிறகு நிரம்பவே இல்லை. அத்தனை நெரிசலிலும் என்னைச் சுற்றி மட்டும் இரண்டு முழம் வெறுந்தரை கிடந்தது. இடித்துத் தள்ளியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

அதே செய்தியில், கிதாருக்கு இணையாக ஓர் இளைஞர் வாசித்த தோல்கருவியைப் "புதுமையான தாளக்கருவி" என்று எழுதியிருந்தீர்கள். அது மகுடம் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நம் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில், கணியான் கூத்தில் தலைமைப் பாடகரான அண்ணாவி பாடப் பாட உச்ச மகுடமும் மந்த மகுடமும் அதிர்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மேடைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தி அந்த இளைஞர் தோலைக் காய்ச்சினார். விரலால் தட்டிப் பார்த்தார். போதாமல் மறுபடியும் காய்ச்சினார். சுற்றி நின்ற பிள்ளைகள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஒலிக்காக அவர் காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அது வந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார், நான் தலையசைத்தேன். அந்த மாலையில் வயது மறந்திருந்த நேரம் அது ஒன்றுதான்.

1964-இல் காருகுறிச்சி அருணாசலம் மறைந்தபோது நான் கைக்குழந்தை. அவருடைய நாகசுரத்தைக் கேட்க என் தகப்பனார் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன கதையையும், பல் போன கிழவரும் பால்குடிப் பிள்ளையும் ஒரே மணலில் உட்கார்ந்து விடிய விடியக் கேட்ட கதையையும் கேட்டே வளர்ந்தேன். வயதுக்கு ஒரு கூட்டம் என்று அன்று எவரும் பிரிக்கவில்லை. இன்று கொடைகளிலேயே வில்லுப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, அது முடிந்ததும் "இனி இளைஞர்களுக்கான ஆடல் பாடல்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்துப் பெரியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனித் திருவிழாவில் சுவாமி வீதியுலா வரும்போது, கடைகள் வைக்கும் ஒலிபெருக்கிகளின் இரைச்சலில் முன்னால் போகும் நாகசுரம் காதில் விழுவதில்லை என்று தங்களுக்கு முன்பே எழுதியிருந்தேன். அந்தக் கடிதம் வெளிவரவில்லை.

வயது கூடக்கூட உயர்ந்த சுருதி ஒலிகள்தாம் முதலில் மங்குகின்றன. அதனால் தாளத்தின் அதிர்வு நெஞ்சில் வந்து மோதும், பாட்டின் சொல் மட்டும் பிடிபடாது. பள்ளியில் அறிவியல் நடத்திய எனக்கு இது பாடமாகத் தெரியும்; இப்போது காதாலும் தெரியும். ஆனால் அவ்வளவு ஒலி பிள்ளைகளின் காதுக்கும் கேடுதான். இத்தகைய நிகழ்ச்சிகளில் 15 நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றும், காதுக்கு ஓய்வு தரும் அமைதியான பகுதி இருக்கவேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தவேண்டும் என்ற விதியை அமைப்பாளர்கள் சரியாகவே பின்பற்றினார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமைதியான பகுதிதான் எங்கும் இல்லை. இருந்த நாற்காலிகளுக்கு வெள்ளை உறை போட்டு, முக்கியப் பிரமுகர்களுக்கென்று கயிறு கட்டி வைத்திருந்தார்கள். அவற்றில் பாதி கடைசிப் பாட்டு வரை காலியாகவே கிடந்தன. நின்று நின்று கால் வீங்கிப்போன நாங்கள் சிலர் சுவரோரம் அடுக்கியிருந்த செங்கல்மேல் உட்கார்ந்தோம். அங்கே எங்களைக் கண்டுதான் தங்கள் செய்தியாளர் வழிதவறி வந்தவர்கள் என்று எழுதியிருக்கிறார்.

அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடும்படி நான் கேட்கவில்லை. தங்கள் நாளிதழின் நிகழ்ச்சிகள் பகுதியில் முன்பெல்லாம் கச்சேரி நடக்கும் இடமும் நேரமும் எழுத்தில் இருக்கும். இப்போது ஒரு சதுரக் குறியீட்டை அச்சிட்டு, செல்பேசியில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். அதைப் பழையபடி எழுத்திலேயே வெளியிட்டு, உட்கார்ந்து கேட்க வசதி உண்டா என்பதையும் ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்த மாதம் இதே ஊரில் இன்னொரு இசைவிழா இருப்பதால், அதற்கு முன்பாகச் செய்தால் உதவியாக இருக்கும். அதற்கும் சீட்டு வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை.