ஆனிங் வாங்கும் முன் எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக்கு என்ன வர்ணம் அடிக்கலாம், எந்தத் தரை போடலாம், சன்னலுக்கு எந்த மரம் நல்லது என்றெல்லாம் பத்திரிகைகளில் நிறைய வருகிறது. முகப்பில் போடும் ஆனிங்கைப் பற்றி மட்டும் யாரும் உருப்படியாக எழுதுவதில்லை. சன்னல் மேலேயும் வாசல் மேலேயும் சட்டம் அடித்து, வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பாகத் துணியையோ தகட்டையோ போடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். எல்லா வேலையும் முடிந்து, எல்லோரும் களைத்துப்போன பிறகு அவசரமாக வாங்குகிற பொருள் அது. அதனால்தான் பல கட்டடங்களில் இரவல் வாங்கித் தலையில் வைத்த தொப்பி மாதிரி தனியாகத் தெரிகிறது.

நானும் அப்படி வாங்கியவன்தான். கடையில் உள்ளங்கை அளவுத் துணித்துண்டு ஒன்றைக் காட்டினார்கள், நல்ல அடர்சிவப்பு, பார்த்ததும் பிடித்துப்போய் அதையே தைக்கச் சொல்லிவிட்டேன். மாட்டி முடித்த மறுநாள் அறைக்குள் போனால் சுவர், தரை, படுக்கை விரிப்பு எல்லாமே ரோஜா நிறம். துணி வழியாக இறங்கும் வெளிச்சம் துணியின் நிறத்தையும் கூடவே அழைத்துக்கொண்டு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வந்தவர்களில் ஒருவர் காய்ச்சலா என்று கேட்டார். வெளியே வந்து பார்த்தால் அது வேறு கதை: எங்களுடையது செங்கல் தெரியும் முகப்பு, செங்கல்லின் சிவப்பும் துணியின் சிவப்பும் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் ஒன்றில்லை, அந்தக் கொஞ்ச வித்தியாசம்தான் கண்ணை உறுத்தியது. ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, கழற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை முதலிலேயே செய்திருக்க வேண்டும். தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று கட்டடத்தை ஐந்து நிமிடம் சும்மா பார்ப்பது, அவ்வளவுதான். பக்கத்தில் நின்றால் சன்னல் மட்டும் தெரியும், எதிர்ப்பக்கம் நின்றால்தான் சன்னல்களின் மேல்விளிம்பெல்லாம் ஒரே கோட்டில் ஓடுகிறதா, தூண்கள் எங்கே பிரிக்கின்றன, சுவரின் எந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்பது தெரியும். ஆனிங் அந்தக் கோடுகளோடு போக வேண்டும். மூன்று சன்னல்களையும் சேர்த்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே நீளமாகப் போட்டுவிட்டால் நடுவிலிருக்கும் தூண்கள் மறைந்து, கட்டடத்தின் முகத்தில் பட்டையாகக் கட்டுப்போட்ட மாதிரி ஆகிவிடும். கடை வரிசைகளில் இதை நிறையப் பார்க்கலாம். தூணுக்குத் தூண் தனித்தனியாக, திறப்பின் அகலத்தோடு அடங்குகிற மாதிரி போட்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். பழைய கட்டடம் என்றால் சன்னலுக்கு மேலே சுதை வேலையோ வளைவோ இருக்கும், அதை மூடிவிட்டு அதன் மேலேயே ஆணி அடிக்கிறவர்களை என்ன சொல்வது! வளைந்த சன்னல் தலைக்குக் குடைபோல வளைந்த ஆனிங் பொருந்தும். நேர்கோடுகளாலான கட்டடத்துக்கு அதே குடை வடிவத்தை மாட்டினால் விளையாட்டுச் சாமான் போல இருக்கும், அங்கே நேரான சாய்வே போதும்.

நிறத்துக்கு என் கணக்கு எளிமையானது. சுவரில் ஏற்கெனவே செங்கல், கல், ஓடு என்று வேலைப்பாடு இருந்தால் துணி ஒரே நிறமாக அடங்கி இருக்கட்டும். சுவர் வெறும் பூச்சாக, வெளிர் நிறமாக இருந்தால் கோடு போட்ட துணியை அது தாங்கும். எப்படியானாலும் உள்ளங்கைத் துண்டை நம்ப வேண்டாம். ஒரு கஜமாவது துணி வாங்கிவந்து, சன்னல் மேல் கட்டிவிட்டு, காலை, நடுப்பகல், சாயங்காலம் மூன்று வேளையும் உள்ளேயும் வெளியேயும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

அழகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அது எதற்கு மாட்டுகிறோம் என்பது மறந்துவிடும். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்குப்படி, கோடையில் தெற்குச் சன்னல் வழியே ஏறும் வெயில் சூட்டை ஆனிங் 65 சதவீதம் வரையும் மேற்குச் சன்னலில் 77 சதவீதம் வரையும் குறைக்கும். கண்ணாடிக்கு உள்ளே திரை போடுவதற்கும் வெளியே மறைப்பு போடுவதற்கும் இதுதான் வித்தியாசம், வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுக்கப்படுகிறது. ஆனால் எல்லாத் திசைக்கும் ஒரே அளவு ஒத்துவராது. நிலநடுக்கோட்டுக்கு நன்கு வடக்கே இருப்பவர்களுக்குக் கோடை நடுப்பகலில் தெற்குப் பக்க வெயில் உச்சியிலிருந்து வரும், அதற்குக் குறைந்த நீட்டமே போதும். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்ந்து நேராக முகத்தில் அடிக்கும், அங்கே எவ்வளவு நீட்டினாலும் அடியில் புகுந்து வந்துவிடும், கீழே நன்றாக இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கினால் வெளியே பார்க்கும் காட்சி போய்விடும். ஆகவே மேற்குப் பக்கத்துக்கு வேண்டும்போது இறக்கி வேண்டாதபோது சுருட்டுகிற வகைதான் சரி என்பேன். சன்னலைவிட இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலம் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டு வெயில் உள்ளே வரும்.

இன்னொன்று, பக்கங்களையும் அடைத்து சுவரோடு ஒட்டி மாட்டினால் சூடான காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். மேலே சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் சிறு இடைவெளி விட்டால் அது வெளியேறிவிடும். அந்த இடைவெளியில் மழைத்துளி நாலைந்து விழத்தான் செய்யும், அதற்காக அடைத்துவிடாதீர்கள்.

துணியில் அக்ரிலிக் என்ற செயற்கை இழைத் துணியைக் கேட்டு வாங்கும்போது, சாயம் நெய்த பிறகு மேலே போட்டதா, நூலாக்கும் முன்பே கலந்ததா என்று கேளுங்கள். முன்பே கலந்தது இழையின் உள்வரை அதே நிறமாக இருக்கும், சீக்கிரம் வெளுக்காது. அது காற்றை விடும், ஆனால் தண்ணீரை முழுக்கத் தடுக்காது, அடைமழையில் கசியலாம். பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசிய பாலியஸ்டர் துணி தண்ணீரை நிறுத்தும், காற்றை விடாது. எது வேண்டும் என்பது உங்கள் வெயிலையும் மழையையும் பொறுத்தது. பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக் தகடு போடுகிறவர்கள் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு உள்ள பக்கம் மேலே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தலைகீழாக மாட்டினால் மஞ்சள் பூத்துவிடும். எதுவானாலும் சாய்வு போதாவிட்டால் தண்ணீர் நடுவில் தேங்கித் தொப்பை போட்டுவிடும், அந்தப் பாரத்திலேயே சட்டம் வளைந்து போவதும் உண்டு.

மாட்டுகிறவரிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான், ஆணி எதில் இறங்குகிறது? வெறும் பூச்சிலோ, செங்கல்லுக்கு இடையிலிருக்கும் சாந்திலோ இறங்கினால் ஒரு பெருங்காற்றுக்குப் பெயர்ந்து வந்துவிடும், காற்று ஆனிங்கை அழுத்துவதைவிட அடியிலிருந்து தூக்கும்போதுதான் ஆபத்து. கான்கிரீட்டிலோ உறுதியான செங்கல்லிலோ ஆழமாக இறங்க வேண்டும். மடக்கும் வகையைக் காற்றடிக்கும்போது மடக்கிவிட வேண்டும், இதைச் சொல்லாமல் விற்கிறவர்கள் நிறையப் பேர். கடற்கரைப் பக்கம் என்றால் திருகாணிகூட துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். வாசல் மேல் போடும்போது முன்விளிம்புக்கு அடியில் குறைந்தது 7 அடியாவது இருக்க வேண்டும், மடித்த குடையோடு வருகிறவர் தலையில் இடித்துக்கொள்ளாமல் போகலாம்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடுகளைப் பற்றிய பக்கங்களில் நீங்கள் போடுகிற படங்களில் ஆனிங் எல்லாம் மாட்டிய அன்றே எடுத்தது போலப் பளபளப்பாக இருக்கின்றன. ஐந்து வருடம் வெயிலில் நின்ற ஒன்றையும் பக்கத்தில் போடுங்கள், முடிந்தால் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த படமாக.

இப்படிக்கு,
ஒரு வாசகர்